கரிசை எங்கே போயிற்று?

ஒரு கார்ஸ் என்பது 80 பாரா. ஒரு பாரா 5 மெர்க்கால். ஒரு மெர்க்கால் 8 பட்டி. ஒரு பட்டி 8 ஒல்லக். இந்த வாய்பாட்டை உங்களிடம் கொடுத்து, இது எந்த நாட்டு வாய்பாடு என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஆப்பிரிக்காவா, பாரசீகமா என்று யோசிப்பீர்கள். இவை ஆங்கிலச் சொற்கள் என்றால் நம்ப மாட்டீர்கள். ஆனால், உண்மை அதுதான். 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த ஒவ்வோர் ஆங்கிலேயருக்கும் இவை அன்றாடச் சொற்கள். இன்று லண்டனில் இருக்கும் ஓர் ஆங்கிலப் பேராசிரியரிடம் 'கார்ஸ்' என்றால் அவருக்கே பொருள் தெரியாது. வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களின் வரிசையில் அவை சேர்ந்துவிட்டன.

அந்தச் சொற்களை ஒரு முறை உரக்கப் படித்துப் பாருங்கள். பாரா என்பது பறை. மெர்க்கால் என்பது மரக்கால். பட்டி என்பது படி. ஒல்லக் என்பது ஆழாக்கு. கார்ஸ் என்பது கரிசை. நம் வீட்டுப் பிள்ளைகள்தாம்! வேறு சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவே.

இந்தச் சொற்கள் ஏன் ஆங்கிலத்துக்குப் போயின? ஏன் செத்தன? செத்த சொல்லின் பொருளை மீண்டும் கண்டுபிடிக்கப் பௌதிகம் எப்படி உதவும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேட நல்ல இடம் ஒன்று இருக்கிறது. அது மரக்காணம்.

உப்புக் கரை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் வழியில் மரக்காணத்தைப் பார்த்திருப்பீர்கள். விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் இது. சாலையின் ஓரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சதுரம் சதுரமாகப் பாத்திகள். கரையில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். மேற்கே கழுவேலி ஏரி. மழைக்காலத்தில் நல்ல நீரும் கடல் நீரும் அதில் கலக்கும். 2021-இல் அதைப் பறவைகள் சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது.

வடக்கே ஆந்திரக் கடற்கரையில் தொடங்கி, கடலை ஒட்டியே வரும் பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடியும் மரக்காணம்தான். ரயிலும் லாரியும் பெருகாத நாளில் இந்தக் கால்வாயில் படகுகள் ஓடின. அப்படகுகள் சுமந்த சரக்குகளில் உப்பும் ஒன்று.

இந்தக் கரையின் பழமை இன்னும் பின்னே போகிறது. சங்க நூலாகிய சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இந்த வட்டாரமே என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். உப்பு வண்டி ஓட்டிச் செல்லும் உமணர்களையும் அந்த நூல் காட்டுகிறது. 'உமணர்' என்றால் உப்பு வணிகர். இன்று எந்த உப்பு வியாபாரியையும் யாரும் அப்படி அழைப்பதில்லை. ஆக, தமிழிலும் சொற்கள் சாகின்றன. இதைப் பிறகு பார்ப்போம்.

கணக்குப் புத்தகம் கேட்ட சொற்கள்

1805-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோக உரிமையாக்கிக்கொண்டது. விளையும் உப்பைக் கம்பெனியிடமே ஒப்படைக்க வேண்டும்; கம்பெனி வைத்த விலைக்கே மக்கள் வாங்க வேண்டும். அந்த விலை தொடக்கத்தில் கரிசைக்கு 70 ரூபாய்.

ஏகபோகம் என்றால் கணக்கு வேண்டும். கணக்கு என்றால் அளவு வேண்டும். உப்பளத்தில் நின்றவர்கள் தமிழர்கள். அவர்கள் கையில் இருந்தது மரக்கால். கணக்கு எழுதியவர்கள் ஆங்கிலேயர்கள்; அவர்கள் ஊர் அளவு புஷல். மரக்காலை எடுத்துவிட்டு எல்லா அளத்திலும் புஷலைக் கொண்டு வந்து வைப்பதைவிட, 'மரக்கால்' என்ற சொல்லைப் புத்தகத்தில் எழுதிக்கொள்வது சுலபம். அப்படியே எழுதினார்கள். 'ழ'வும் 'ற'வும் அவர்கள் நாவில் படியவில்லை. ஆகவே ஆழாக்கு ஒல்லக் ஆயிற்று. பறை பாரா ஆயிற்று. கரிசையைத் தெலுங்குச் சீமையில் 'காரிசெ' என்பார்கள். ஆங்கிலேயர் காதில் அதுவும் சேர்ந்து விழுந்து 'கார்ஸ்' ஆகியிருக்கிறது.

இப்படி இந்தியாவிலிருந்து ஆங்கிலத்தில் ஏறிய சொற்களையெல்லாம் திரட்டி, 1886-ஆம் ஆண்டில் ஓர் அகராதி வெளியாயிற்று. அதன் பெயர் வேடிக்கையானது: 'ஹாப்சன்-ஜாப்சன்'. ஹென்றி யூல், ஆர்தர் பர்னல் என்ற இருவர் தொகுத்தார்கள். பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்; நூல் வெளிவருமுன் 1882-இல் இறந்துபோனார். மெர்க்கால், கார்ஸ், விஸ், மாண்ட் எல்லாம் அந்த அகராதியில் உண்டு. விஸ் என்பது வீசை. மாண்ட் என்பது மணங்கு.

ஒரு கரிசை எவ்வளவு?

இப்போது பௌதிகத்துக்கு வருவோம். 'கரிசை என்பது ஒரு பழைய அளவு' என்று மட்டும் அகராதி சொன்னால் நமக்கு ஒன்றும் விளங்காது. அது ஒரு வண்டியா, ஒரு கப்பலா? எவ்வளவு என்று தெரிந்தால்தான் சொல் உயிர் பெறும்.

1846-இல் சென்னை அரசாங்கம் மரக்காலுக்கு ஒரு தரத்தை நிர்ணயித்தது. 80 டிகிரி பாரன்ஹீட் வெப்பநிலையில் இத்தனை எடைத் தண்ணீர் கொள்ளும் பாத்திரம் ஒரு மரக்கால் என்று வகுத்தார்கள். அதன் கொள்ளளவு 800 கன அங்குலம். வெப்பநிலையை ஏன் சொன்னார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சூடு ஏறினால் தண்ணீர் விரியும். அதே பாத்திரத்தில் எடை குறைவாகவே கொள்ளும்.

ஒரு கன அங்குலம் 16.39 கன சென்டிமீட்டர். ஆகவே ஒரு மரக்கால் சுமார் 13.1 லிட்டர். பாராவுக்கு 5 மரக்கால், கரிசைக்கு 80 பாரா என்பதால் ஒரு கரிசை 400 மரக்கால், அதாவது சுமார் 5,240 லிட்டர்.

கரிசைக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. உப்பு இலாகாவில் ஒரு கரிசை உப்பு 120 மணங்கு எடை என்று வைத்துக்கொண்டார்கள். அந்த மணங்கு 37.32 கிலோகிராம். பெருக்கிப் பார்த்தால் சுமார் 4,480 கிலோகிராம் வரும். கொள்ளளவு ஒரு பக்கம், எடை ஒரு பக்கம். இரண்டும் தனித்தனியாக நமக்குக் கிடைத்திருக்கின்றன. இவை ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா?

எடையைக் கொள்ளளவால் வகுத்துப் பாருங்கள். 4,480-ஐ 5,240-ஆல் வகுத்தால் 0.85. அதாவது ஒரு லிட்டர் உப்பு 850 கிராம். ஆனால் உங்கள் பாடப்புத்தகம் என்ன சொல்கிறது? உப்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.16 கிராம், ஒரு லிட்டர் 2,160 கிராம் இருக்க வேண்டும். அப்படியானால் பழைய கணக்கு பொய்யா?

பொய் இல்லை. 2.16 என்பது ஒரே கட்டியான உப்புப் படிகத்தின் அடர்த்தி. மரக்காலில் இருப்பது படிகங்களின் குவியல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி உண்டு. அதில் இருப்பது காற்று. 0.85-ஐ 2.16-ஆல் வகுத்தால் 0.39 வரும். ஆகவே ஒரு மரக்கால் உப்பில் ஐந்தில் இரண்டு பங்கே உப்பு. மீதி மூன்று பங்கு காற்று! கல் உப்பைப் பாத்திரத்தில் நிரப்பினால் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு டம்ளரில் கல் உப்பைத் தளும்ப நிரப்புங்கள். வேறொரு பாத்திரத்தில், இனி கரையாது என்னும் வரை உப்பைக் கரைத்துப் பூரிதக் கரைசல் தயாரித்துக்கொள்ளுங்கள். அளவு குறித்த குடுவையில் அதை எடுத்து, உப்பு இருக்கும் டம்ளரில் மெல்ல ஊற்றுங்கள். பூரிதக் கரைசல் மேலும் உப்பைக் கரைக்காது. அது உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி அந்த இடத்தை மட்டுமே நிரப்பும். எத்தனை மில்லிலிட்டர் பிடித்தது என்று பாருங்கள். அதுவே இடைவெளியின் கொள்ளளவு. பிறகு பொடி உப்பை வைத்தும் செய்து பாருங்கள். விடை மாறும். எப்படி மாறுகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை.

குவியலின் மர்மம்

கரிசை என்ற சொல்லுக்குள் இன்னொரு சங்கதி ஒளிந்திருக்கிறது. மரக்காலில் உப்பை அளக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விளிம்போடு கட்டையால் வழித்துத் தலை தட்டி அளப்பது. மற்றொன்று, கோபுரம்போல் குவித்து அளப்பது. இரண்டிலும் வாய் சொல்வது 'ஒரு மரக்கால்' என்றுதான். வித்தியாசம் எவ்வளவு வரும்?

உருளை வடிவ மரக்கால் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். வாயின் விட்டம் 25 சென்டிமீட்டர், உயரம் 26.7 சென்டிமீட்டர். கொள்ளளவு 13.1 லிட்டர் வரும். கல் உப்பைக் குவித்தால் ஒரு கூம்பு நிற்கும். ஏறத்தாழ 32 பாகைச் சரிவுக்கு மேல் அது நிற்காது; உப்பு சரிந்து விழுந்துவிடும். இந்தப் பாத்திரத்தில் அந்தக் கூம்பின் உயரம் 8 சென்டிமீட்டர்.

கூம்பின் கன அளவு, அதே அடியும் அதே உயரமும் உடைய உருளையில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே குவியலில் உள்ள உப்பு, மரக்காலில் உள்ள உப்பில் 8-ஐ 26.7-இன் மும்மடங்கால் வகுத்தது, அதாவது பத்தில் ஒரு பங்கு. பத்து மரக்கால் அளந்தால் ஒரு மரக்கால் கூடுதல். ஒரு கரிசைக்கு 40 மரக்கால் கூடுதல். எடையில் சுமார் 450 கிலோகிராம்!

வெயிலில் நின்று பாத்தியில் உப்பு வாரியவரின் பல நாள் உழைப்பு இது. குவித்து வாங்கித் தலை தட்டி விற்றால், தராசு இல்லாமலே, பொய்க் கணக்கு எழுதாமலே, ஒருவர் பத்துக்கு ஒன்று லாபம் பார்க்கலாம். ஒரே சொல், இரண்டு பொருள். ஆகவேதான் அளவுச் சொல்லுக்குத் திட்டமான வரையறை வேண்டும் என்று பௌதிகம் பிடிவாதம் பிடிக்கிறது. இது வெறும் பாடப்புத்தகப் பிடிவாதம் அல்ல. ஏழையின் கூலி அதில் அடங்கியிருக்கிறது.

ஒரு பெயர், இரண்டு எடை

'எடை போட்டால் தகராறு இல்லையே' என்று நீங்கள் கேட்கலாம். எடைச் சொல்லும் ஏமாற்றும். மணங்கு என்ற சொல்லையே பாருங்கள். இது மிகப் பழைய சொல். இதன் உறவினர்கள் பாபிலோனியரிடமும் கிரேக்கரிடமும் அரபியரிடமும் இருந்தார்கள். ஊர் ஊராகப் போன சொல் ஊருக்கு ஓர் எடை சொல்லிற்று. சென்னை மணங்கு 8 வீசை. ஆங்கில எடையில் 25 பவுண்டு, அதாவது சுமார் 11.3 கிலோகிராம். வங்காளத்தில் வழங்கி, 1833-இல் அரசாங்கம் தரப்படுத்திய மணங்கு 82 பவுண்டுக்குச் சற்று மேல், 37.32 கிலோகிராம். இரண்டையும் ஆங்கிலத்தில் 'மாண்ட்' என்றே எழுதினார்கள்.

1888-இல் உப்பு வரி மணங்குக்கு 2 ரூபாய் 8 அணா ஆயிற்று. இது பெரிய மணங்கு. ஒரு கிலோவுக்குக் கணக்கிட்டால் ஓர் அணாவுக்குச் சற்று மேல். இன்று ஒருவர் வரலாறு எழுத உட்கார்ந்து, சென்னை விவகாரம்தானே என்று இதைச் சென்னை மணங்காக எண்ணிவிட்டால்? கிலோவுக்கு மூன்றரை அணா என்று எழுதிவிடுவார். மூன்று மடங்குக்கு மேல் தவறு! அதை நம்பி அடுத்தவர் எழுதுவார். சொல் செத்தால் போகட்டும் என்று விட்டுவிடுவதற்கில்லை என்பது இப்போது புரிகிறதல்லவா?

சில்லறைச் சொற்கள்

காசுச் சொற்களுக்கும் இதே கதைதான். 1818 வரை சென்னையில் பெரிய நாணயம் வராகன். ஆங்கிலேயர் அதைப் 'பகோடா' என்றார்கள். ஒரு பகோடாவுக்கு 42 ஃபானம். ஒரு ஃபானத்துக்கு 80 கேஷ். ஃபானம் என்பது பணம். கேஷ் என்பது காசு. பகோடாவின் மதிப்பு மூன்றரை ரூபாய். கரிசைக்கு 70 ரூபாய் என்பதை வராகனில் சொன்னால் சரியாக 20 வரும்.

இன்று கடைக்காரர் 'கேஷாகக் கொடுங்கள்' என்கிறாரே, அந்தக் கேஷ் நம் காசா? இல்லை. அது பிரெஞ்சு மொழியில் பணப்பெட்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நம் காசிலிருந்து பிறந்த கேஷ் வேறு. அது சிறு நாணயத்தின் பெயர். ஒலி ஒன்றானதால் நம் கேஷ் மற்றதன் நிழலில் மறைந்துவிட்டது. பகோடா நாணயம் என்ற பொருளை இழந்து, புத்தர் கோயிலின் பெயராக மட்டும் நிற்கிறது. கேண்டி என்ற 20 மணங்கு எடையும் மறைந்தது; கேண்டி என்றால் இன்று மிட்டாய்.

கிழக்காசியாவின் 'காட்டி' என்ற எடை ஒன்றேகால் பவுண்டுக்குச் சற்று மேல். ஆங்கிலேயர் தேயிலையை அந்த எடையில் வாங்கினார்கள். பின்னர் தேயிலைப் பெட்டிக்கே 'கேடி' என்று பெயர் வந்துவிட்டது. ஆங்கிலத்தில் எடை போய்விட்டது, பெட்டி தங்கிவிட்டது.

அவர்கள் ஊர் உப்புச் சொற்கள்

நம்மிடம் வாங்கிய சொற்களை மட்டும் ஆங்கிலேயர் மறந்தார்கள் என்று எண்ணாதீர்கள். தங்கள் ஊர் உப்புச் சொற்களையும் மறந்திருக்கிறார்கள். 'சால்ட்டர்ன்' என்றொரு பழைய சொல் உண்டு, பொருள் உப்பளம். பழைய ஆங்கிலத்தில் 'ஏர்ன்' என்றால் வீடு. உப்பு வீடு என்பது சால்ட்டர்ன். 'பார்ன்' என்ற களஞ்சியத்திலும் அதே ஏர்ன்தான் இருக்கிறது. அது வாற்கோதுமை வீடு.

'வாலர்' என்பது இன்னொரு சொல். சுவர் கட்டுபவர் என்று நினைப்பீர்கள். அவர் உப்பு நீரைக் கொதிக்க வைத்து உப்பு எடுப்பவர். கொதித்தலைக் குறிக்கும் பழைய வினையிலிருந்து வந்த பெயர் அது. இங்கிலாந்தின் உள்நாட்டில் நம்மைப்போல் வெயிலை நம்பி உப்பு எடுக்க முடியாது. உப்பு ஊற்று நீரை அடுப்பிலேற்றினார்கள். அதனால் வாலர் தோன்றினார். நார்த்விச், நான்ட்விச், ட்ராய்ட்விச் என்று 'விச்' என முடியும் சில ஊர்கள் உப்பு எடுத்த ஊர்கள். ஆனால் 'விச்' என்று முடிவதெல்லாம் உப்பு ஊர் அல்ல, எச்சரிக்கை!

வெயிலில் காய்ந்த கரடு உப்பை அவர்கள் பிரான்சுக் கரையிலிருந்து வாங்கினார்கள். புர்னெஃப் வளைகுடாவிலிருந்து வந்ததால் அதற்குப் 'பே சால்ட்' என்று பெயர். வளைகுடா உப்பு என்று பொருள். மரக்காணத்து உப்பைப் பழைய ஆங்கிலேயர் ஒருவர் பார்த்திருந்தால் அதையும் அப்படியே அழைத்திருப்பார்.

உப்பளத்துக்குள் ஒரு வேடிக்கை

நம் 'உப்பளம்' என்ற சொல்லையே பிரித்துப் பாருங்கள்: உப்பு, அளம். 'அளம்' என்றாலே பழந்தமிழில் உப்பு விளையும் இடம்தான். உப்பு விளைப்போருக்கு 'அளவர்' என்று பெயர். அளம் என்ற சொல்லின் பொருள் மங்கத் தொடங்கியதும், விளங்குவதற்காக முன்னால் உப்பைச் சேர்த்தோம். இப்போது அதன் முழுப் பொருள் 'உப்பு விளையும் இடமாகிய உப்பு இடம்'!

ஆங்கிலத்திலும் இந்த வேடிக்கை நடந்தது. உப்புக் கிண்ணத்துக்கு அவர்கள் 'சால்ட் செல்லர்' என்கிறார்கள். இந்தச் செல்லர் நிலவறை அன்று. பிரெஞ்சில் உப்புக் கிண்ணம் என்று பொருள்படும் சொல்லின் சிதைவு. பொருள் மறந்துபோகவே முன்னால் உப்பைச் சேர்த்தார்கள். கடல் கடந்த இரு மொழிகள் ஒரே காரியத்தை ஒரே முறையில் செய்திருக்கின்றன.

சொல் ஏன் சாகிறது?

இதுவரை பார்த்ததிலிருந்து மூன்று காரணங்கள் தெரிகின்றன. பொருள் மறைந்தால் சொல் மறையும். அடுப்பு அணைந்ததும் வாலர் போனார். ஒரே ஒலியுடைய வலிய சொல் வந்தால் மெலிந்த சொல் மறையும், கேஷ் அப்படி. மூன்றாவது, சட்டம். 1956-இல் இந்திய நாடாளுமன்றம் எடை அளவுத் தரச் சட்டத்தை நிறைவேற்றியது. 1957 ஏப்ரல் முதல் நாள் நயா பைசா வந்தது. 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக வந்தன. வீசை, மணங்கு, கரிசை எல்லாம் கணக்குப் புத்தகத்தை விட்டு வெளியேறின. இன்று உப்பு டன்னில் போகிறது.

இதற்காக அழ வேண்டியதில்லை. மூன்று மணங்கு, இரண்டு மரக்கால் என்று குழம்பிய நாட்டுக்கு ஒரே கிலோகிராம் கிடைத்தது பெரிய நன்மை. தலை தட்டலா, குவியலா என்ற தகராறு தராசில் இல்லை. ஈர உப்பா, உலர்ந்த உப்பா என்ற தகராறு மட்டும் இன்னும் இருக்கிறது!

ஆனால் சட்டத்தாலும் சாகாத பழைய சொல் ஒன்று உப்பளத்தில் உலவுகிறது. அங்கே 'எத்தனை டிகிரி?' என்று கேட்டால் வெப்பநிலையைக் கேட்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அது போமே டிகிரி. அன்ட்வான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளர் 1768-இல் வகுத்த திரவமானி அளவு. சுத்த நீரில் திரவமானி நிற்கும் இடம் 0. நூற்றுக்குப் 15 பங்கு உப்புள்ள கரைசலில் நிற்கும் இடம் 15. அவ்வளவுதான் அவருடைய திட்டம்.

கடல் நீர் சுமார் 3 டிகிரி காட்டும். வெயிலில் வற்ற வற்ற எண் ஏறும். 25 டிகிரியை ஒட்டி உப்பு படிகமாகத் தொடங்கும். 29, 30 டிகிரிக்குள் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து உப்பு கசக்கும், எளிதில் கசியும். 145-இலிருந்து டிகிரியைக் கழித்து, அதனால் 145-ஐ வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். 3 டிகிரிக்கு 1.02, 25 டிகிரிக்கு 1.21. எந்தப் பரீட்சையிலும் போமே டிகிரியைக் கேட்க மாட்டார்கள். ஆனால் பாத்தியின் ஓரத்தில் நின்று '1.208' என்று கூவுவதைவிட '25' என்பது எளிது. வேலைக்கு உதவும்வரை சொல் சாகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

உங்களுக்கு ஒரு வேலை

உங்கள் வீட்டுப் பரணில் ஒரு படியோ, உழக்கோ, மரக்காலோ கிடக்கலாம். எடுத்துத் துடையுங்கள். தண்ணீர் நிரப்பி, அளவுக் குடுவையால் அளந்து, எத்தனை மில்லிலிட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். மரத்தால் செய்த மரக்காலாகவோ ஓட்டை உள்ளதாகவோ இருந்தால் தண்ணீருக்குப் பதில் அரிசியைத் தலை தட்டி நிரப்பி, அந்த அரிசியை அளவு தெரிந்த பாத்திரத்தால் அளவுங்கள். பாட்டியிடம் அதன் பெயரையும், அதற்கு மேலும் கீழும் உள்ள அளவுகளின் பெயர்களையும் கேளுங்கள். எந்த ஊர் அளவு, எந்தத் தானியத்துக்கு, குவித்தா தலை தட்டியா என்பதையும் மறவாமல் எழுதுங்கள். பக்கத்து ஊர் நண்பரின் படியோடு ஒப்பிட்டால் இரண்டும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அது உங்கள் தவறு அல்ல. அதுவே நீங்கள் கண்டுபிடித்த உண்மை.

பழைய கணக்கு ஓலையோ பத்திரமோ வைத்திருக்கும் குடும்பங்கள் நம் நாட்டில் ஏராளம். அவற்றில் எழுதியுள்ள நெல்லும் உப்பும் கூலியும் எவ்வளவு என்று நாளை ஒருவர் அறிய விரும்பினால், உங்கள் நோட்டுப் புத்தகத்தில் உள்ள அந்த ஒரு வரி அவருக்குத் திறவுகோல் ஆகும். சொல்லோடு அதன் அளவையும் சேர்த்து எழுதி வையுங்கள். கரிசை என்று மட்டும் எழுதினால் அது வெறும் ஒலி. 400 மரக்கால், மரக்காலுக்கு 13.1 லிட்டர், தலை தட்டி என்று எழுதினால் எந்த நாளிலும் எவரும் அதைத் திரும்ப அளந்து பார்க்கலாம்.